காரணம்: மற்றவை

ஐந்தாம் செமஸ்டரில் தொழில்முனைவு என்று ஒரு பேப்பர்.
வாடிக்கையாளரின் வலி எது? கண்டறிந்து எழுதுக. ஐந்து மதிப்பெண்.
தபஸ்ஸும் எழுதினாள்:
வலி காட்பாடியில் இறங்குகிறது,
ஹவுரா வண்டியிலிருந்து,
எக்ஸ்ரே உறை, தலையணை,
பழைய புடவையில் சுற்றிய குக்கரோடு.
இரண்டு மார்க் போட்டார்கள்.
வரையறை இல்லையாம்.

அந்த இரண்டு மார்க்தான் எங்கள் கம்பெனி.
கம்பெனி என்றால்
அவள் அண்ணன் விட்டுப்போன லேப்டாப்
(சார்ஜரை இடப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும்),
என் குடியாத்தம் சீசன் டிக்கெட்,
காந்தி ரோட்டுப் பின்சந்துகளில் பதினோரு லாட்ஜ்.
எந்த அறையில் அடுப்பு, எது தரைத்தளம்,
எந்தக் கழிப்பறைக்குள் வீல்சேர் திரும்பும்,
எல்லாம் வங்காள எழுத்தில் திரையில் வரும்.
அளக்க ஒரு வீல்சேரை வாடகைக்கு எடுத்தோம்.
நான் உட்கார்ந்தேன், அவள் தள்ளினாள்.
தெருவே எனக்கு வழிவிட்டது. வெட்கமாக இருந்தது.
எழுத்துப்பிழை திருத்தியவன்
மீன்குழம்பு மெஸ்ஸில் பில் போடும் மால்டா பையன் சுபல்.
கூலி, மாதம் ஒரு ரீசார்ஜ்.

"படிச்ச புள்ளைங்க, வேலைக்குப் போலாமே?"
லாட்ஜ்காரர் தணிகாசலம் கேட்டார்.
"வேலையாத்தான் சார் வந்திருக்கோம்" என்றாள் தபஸ்ஸும்.
நிரம்பாத நான்கு அறைகளைக் கொடுத்தார்.

எனக்கு வேலையும் வந்தது.
கேம்பஸில் நான்கு சுற்று. கடைசியில்,
ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?
தலைமைப் பொறுப்பில் என்றேன்.
எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன்.
சிறுசேரி. ஆண்டுக்கு மூன்றரை லட்சம்.
வெள்ளி மாலை ஐந்துக்குள் 'ஏற்கிறேன்' அழுத்த வேண்டும்.
அம்மா தீப்பெட்டி ஆபீஸில் சொல்லிவிட்டாள்.
வராத சம்பளத்துக்கு அதற்குள் மூன்று செலவு.

வியாழன் இரவு ஒரு கேன்சல்.
அந்தப் பட்டியலை எழுதியது நான்:
திட்டம் மாறியது
வேறு இடம் கிடைத்தது
தவறுதலாகப் பதிந்தேன்
மற்றவை
'மற்றவை'யைத் தொட்டால் ஒரு பெட்டி திறக்கும்,
நூறு எழுத்துக்கு.
நிகில் பர்மன். மூன்றாம் மாடி, இரட்டைக் கட்டில்,
இன்னும் ஒன்பது நாள்.
சுபல் படித்தான், பாதியில் நிறுத்தி
மறுபடி முதலிலிருந்து:
ஒரு கட்டில் போதும்.
ஞாயிறு வண்டிவரை.
அடுப்பு வேண்டாம்.

அதற்குள் என் நிரல்
இருபது சதவீதம் பிடித்துக்கொண்டு
நன்றி, மீண்டும் வருக என்று
அவருக்கு அனுப்பிவிட்டிருந்தது.
ஒரு பிழையும் இல்லாமல் ஓடியிருந்தது.

எண்ணூற்றுப் பத்து ரூபாய்.
கம்பெனிக் கணக்கில் ஆயிரத்து நூற்று நாற்பது.
தபஸ்ஸும் எதுவும் கேட்காமல் திருப்பி அனுப்பினாள்.
நான் பட்டியலில் ஒரு வரி சேர்க்க உட்கார்ந்தேன்.
இறப்பு என்று அடித்தேன். அழித்தேன்.
விரலால் தொட்டுத் தேர்வு செய்கிற இடத்தில்
அதை எந்தச் சொல்லில் வைப்பது?
விடிகாலை முதல் வண்டி கூவும்போது
காரணம் கேட்பதையே எடுத்துவிட்டேன்.
'மீண்டும் வருக'வையும்.

வெள்ளி, நாலு நாற்பது.
தணிகாசலத்தின் மொட்டைமாடி, வெயில் இன்னும் இறங்கவில்லை.
'மறுக்கிறேன்' தொட்டால் என்ன வரும்
என்று பார்க்கத்தான் தொட்டேன்.
காரணம் தேர்வு செய்க:
மேற்படிப்பு
அதிக ஊதியம்
உடல்நலம்
மற்றவை
கீழே ஆட்டோவிலிருந்து சுபல்
யாரையோ இறக்கிக்கொண்டிருந்தான்.
முதலில் குக்கரை.