துளை எண் நான்கு

பாராடாங்கில் சேறு பேசும்.
சாம்பல் நிறக் கொப்புளம் ஒன்று
ஊதி, உப்பி, பொளக்கென்று உடையும்.
தண்ணீர் நிரப்பிய குப்பியை அதன்மேல் கவிழ்த்து
வாயுவைப் பிடித்து மூடுவேன்.
இரண்டு வருடம் அதுதான் வேலை.

இங்கே, கீழ்க்கோத்தகிரிச் சரிவில்,
நிலம் வாய் திறப்பதில்லை.
தேயிலைக்கு நடுவே முப்பது மீட்டர் துளை,
ஒரு பிவிசி குழாய், பூட்டுப் போட்ட தகரப்பெட்டி.
பாறையிலிருந்து கசியும் ரேடானை
மணிக்கொரு தரம் எண்ணுகிறது கருவி.
நிறமில்லை, மணமில்லை.
மூன்றே முக்கால் நாளில் பாதி காணாமல் போய்விடும்.
அதற்குள் அது சொல்ல வந்ததைக் கேட்டுவிட வேண்டும்,
சொல்லத்தான் வந்ததா என்பதே தெரியாமல்.

மழை பெய்தால் மண் அடைத்துக்கொண்டு எண் ஏறும்.
காற்றழுத்தம் இறங்கினால் ஏறும்.
காட்டெருமை ஒன்று பெட்டியில் முதுகு தேய்த்த அன்று
ஏறி, இறங்கி, நின்றே போனது.
எல்லாவற்றையும் கழித்து
மிச்சத்தைச் சென்னைக்கு அனுப்புகிறேன்.
பெரும்பாலும் மிச்சம் ஒன்றுமில்லை.

லயத்தில் பதினோரு வீடு.
கொழுந்து நிறுத்துவிட்டு வரும் யோகராணி
தினமும் கேட்பாள்: "இன்னைக்குத் தூங்கலாமா மிஸ்?"
"தூங்குங்க."
கேலி என்றுதான் நினைத்திருந்தேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்
எண் மூன்று மடங்கு.
சிக்னல் தேடி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு,
லயத்தைத் தாண்டி நடந்தேன்.
"பொறுங்க, ஒரு புள்ளியை வச்சு
எதுவும் சொல்ல முடியாது" என்றது சென்னை.
அவள் கேட்டது என் காதில் விழவில்லை.

இரவு இரண்டு மணிக்குப் பெட்டியைப் பார்க்கப் போனால்
பதினோரு வீட்டிலும் விளக்கு.
வீட்டுக்குள் யாருமில்லை.
தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளைகள்,
ரேஷன் கார்டு வைத்த மஞ்சள் பை,
கயிறு அவிழ்த்துவிட்ட ஓர் ஆடு.
சுவரை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில், தூறலில்,
எப்படி உட்கார வேண்டுமோ சரியாக அப்படி.

யார் சொன்னது என்றேன்.
"நீங்கதான். ஒண்ணும் சொல்லலையே."

காலையில் தெரிந்தது:
மேலே புது ரிசார்ட்டுக்கு
மறைப்புக் கட்டி போர் போட்டிருக்கிறார்கள்,
ஆயிரத்து இருநூறு அடி.
'புறக்காரணம். கழிக்கப்பட்டது' என்று எழுதினேன்.
விளக்குகளுக்குக் கட்டம் இல்லை அந்தப் படிவத்தில்.

இப்போதெல்லாம் திரும்பும் வழியில்
லயத்தருகே மெதுவாக நடக்கிறேன்,
என் முகத்தை அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று.
நேற்றும் எண் கொஞ்சம் ஏறியிருந்தது.
"தூங்கலாமா?"
"மழைதான் யோகராணி. மழையாத்தான் இருக்கும்."

அந்த 'இருக்கும்'மில் ஒரு நொடி நின்றாள்.
பிறகு உள்ளே போனாள்,
ஆட்டைக் கட்டாமல்.