செந்தூல் பசார், மூன்றாம் மேசை

சட்டப்படி செல்லாத வாக்கெடுப்பு.
பெட்டிக்குப் பதில் பிஸ்கட் தகரம்,
மூடியில் கத்தியால் கீறிய வாய்.
மேயரை நாமே தேர்ந்தெடுக்க வேண்டுமா?
வேண்டும், வேண்டாம்;
ஒன்றில் கோடு போட்டால் போதும்.

மீன் வாங்க வந்தவர்கள்
செதிள் ஒட்டிய விரலோடு மடித்துப் போட்டார்கள்.
ஒரு சீட்டில்
"முதலில் கால்வாயை அள்ளுங்கடா."
செல்லுமா, செல்லாதா?
எனக்கும் லிம்முக்கும் பத்து நிமிடச் சண்டை.

பதினொரு மணிக்கு அங்கப்பன் வந்தார்,
மாநகர் மன்றச் சீருடையில்.
போன மாதம் என் மோட்டாருக்குச்
சம்மன் எழுதிய அதே கை.
விரட்டத்தான் வருகிறார் என்று
தகரத்தை மடிக்கு இழுத்தேன்.

பெயர்ப்பட்டையைக் கழற்றிப்
பைக்குள் போட்டார்.
சீட்டு கேட்டார்.
எங்கள் கறுப்புப் பேனா வேண்டாமாம்,
சட்டைப்பையில் அவருடையது இருக்கிறதாம்.

இரவு, தகரத்தைக் கவிழ்த்தோம்.
அத்தனை கறுப்புக்கு நடுவே
ஒரே ஒரு பச்சைக் கோடு.
லிம் என்னைப் பார்த்தான்.
நான் மழையைப் பார்த்தேன்.
கால்வாய் வழிந்து
மேசைக்கால் வரை வந்திருந்தது.

எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.
தகரமானாலும்
பெட்டி பெட்டிதான்.
சம்மனை
இன்னும் கட்டவில்லை.