ஐந்து ரிவர்ஸ்

தொண்ணூற்றெட்டாம் வருட எஸ்டீம்.
எனக்கு முன் மூன்று பேர் கைமாறியது.
கடைசி ஆள் ரிவர்ஸுக்கு ஒரு மியூசிக் மாட்டியிருந்தார்,
நாதஸ்வரம் மாதிரி ஆரம்பித்து
கொசு மாதிரி முடியும்.
முப்பத்தெட்டாயிரத்துக்கு வாங்கினேன்,
முன்சக்கரம் இழுத்துப் பழகிய வண்டியைப்
பின்சக்கரம் தள்ளவைக்க.

ஏன் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும்
ஒரு பதில் வைத்திருந்தேன்.
பூங்கோதைக்கு மட்டும் இல்லை.
அவள் கேட்கவில்லை.
சீட்டு எடுத்த அன்று நோட்டில்
'வண்டி' என்று எழுதி
எதிரே தொகை எழுதாமல் விட்டாள்.

மேல்விஷாரத்தில் ஜபருல்லாவின் லேத்.
தோல் ஷாப் டிரம்முக்கு ஷாஃப்ட் கடைகிறவர்.
நான் விரித்த வரைபடத்தின் மேல்
டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்:
"இன்ஜின் குறுக்கால படுத்துக்கினு கீது.
நீ நெடுக்கால படுன்ற.
தூங்கறவனத் தூக்கித் திருப்பிப் போட்டா
எழுந்து அடிப்பான்பா."
டீ வட்டம் சரியாகக்
கியர்பாக்ஸ் மேல் விழுந்திருந்தது.

கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும்
புதுப்பேட்டையில் ஏலத்து ஜிப்ஸி ஒன்றிலிருந்து வந்தன,
பட்டாளத்துப் பச்சை இன்னும் உரியாமல்.
சத்துவாச்சாரியில் அக்னி நட்சத்திரம்.
தகரக் கொட்டகைக்கு வெளியே மறந்து வைத்த ஸ்பேனர்
உள்ளங்கையில் பதினேழு என்று எழுதியது.

பகலில் இராணிப்பேட்டையில்
பாய்லர் குழாய் பற்றவைக்கிறேன்.
என் பற்றவைப்பை எக்ஸ்-ரே எடுப்பார்கள்.
கடுகளவு காற்று இருந்தாலும் அறுத்துப் போடு என்பார்கள்.
இங்கே எக்ஸ்-ரே இல்லை.
சுத்தியலால் தட்டிவிட்டுக்
காதைத் தகட்டில் வைத்தேன்.

டனலுக்காகத் தரையை வெட்டின இரவு
டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் குந்தினேன்.
கால் சிமெண்டில் பட்டது.
ஸ்டீயரிங் இருக்கிறது, ரேடியோ இருக்கிறது,
கீழே என் வீட்டுத் தரை.
கொஞ்ச நேரம் ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஜிப்ஸி ஆக்சிலின் வயிறு வலப்பக்கம் ஒதுங்கியது.
சைலன்ஸரும் அந்தப் பக்கம்தான்.
புரட்டிப் போட்டுடலாம் என்றேன் நான்.
(நான்தான். அவர் இல்லை.
பின்னால் இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.)
புரட்டியதும் அழகாக உட்கார்ந்தது.
அன்று ஆம்பூரிலிருந்து பிரியாணி வரவழைத்தோம்.

பதினாலாவது மாதம், ஐப்பசி மழை.
ஜபருல்லா பானெட் மேல் கை வைத்து
ஏதோ முணுமுணுத்தார்.
முதல் கியர். கிளட்சை விட்டேன்.
வண்டி பின்னால் போய்
துவைக்கிற கல்லில் இடித்து நின்றது.
இரண்டாவது. மறுபடி கல்.
மூன்றாவதைப் போட்டுப் பார்க்கவில்லை.

இருவரும் அடியில் படுத்தோம்.
ஆக்சில் புரண்டபோது
சக்கரத்தின் திசையும் புரண்டிருக்கிறது.
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப்
பெடல் சுற்றும் பையனுக்குத் தெரிந்த விஷயம்.
சேற்றில் படுத்தபடியே அவர் சிரித்தார்,
வயிறு குலுங்கி சம்ப்பில் இடிக்கும் வரை.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லில் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டியபடி
பூங்கோதை
பதினாலு மாதத்தில் முதல் கேள்வி கேட்டாள்:
"அப்ப ரிவர்ஸ் போட்டா முன்னால போவுமா?"

போயிற்று.
பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டதென்று
தெருவே அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது.
நாங்களும் போனோம், நடக்கிற வேகத்தில்,
பின்னால் வெள்ளை விளக்கு எரிய,
நாதஸ்வரம் கொசுவாகி
கொசு நாதஸ்வரமாகி.
குடை பிடித்த ஒருவர் பதறி ஒதுங்கி
எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நின்றார்.
பின்சக்கரம் தள்ளியது.
முதுகில் யாரோ கை வைத்தது போல் இருந்தது.
அதற்குத்தான் என்று அப்போது தோன்றியது.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

காங்கேயநல்லூர் பாலத்து முனையில்
எள் போட இடமில்லை.
செம்மண் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்து போனது.
பூங்கோதை கண்ணாடியை இறக்கி
தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"வண்டி திருப்ப எடம் இல்லியே,
வூட்டுக்கு எப்டிப் போறது?" என்றார் ஜபருல்லா.

அதற்கு ஐந்து கியர் இருந்தது.