ஒன்பது கேள்விகள்

பகாவ் பட்டணம் தாண்டி
விதைத் தோட்டத்தில் எனக்கு வேலை.
செம்பனையின் பெண்பாளை விரியுமுன் பை கட்டுவேன்.
நாள் பார்த்து மறுபடி ஏணி ஏறி
பையில் ஊசித்துளை இட்டு
மகரந்தத்தூளை ஊதுவேன்.
துளைமேல் டேப். அட்டையில் மரத்தின் எண், தேதி,
கீழே என் கையெழுத்து.
ஐந்தாறு மாதத்தில் குலை.
போன வருஷம் தவறியவை மூன்றுதான்.

இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை.
சிரம்பான் ஆஸ்பத்திரி டாக்டர்கூட
பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டு
கோப்பைப் புரட்டினார்.
ஏழு வருஷத்துக் கோப்பு.
காரணம் தெரியவில்லை என்பதற்கும்
ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

கொஞ்ச நாளாகத் துணி கொடியிலேயே கிடக்கிறது,
நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து.
நாத்தனார் வளைகாப்புக்குப் புடவை கட்டிப் போனவள்
வாசலில் செருப்பைக் கழற்றாமல்
திரும்பி வந்தேன்.
அழவில்லை.
அழுதிருந்தால் யாருக்காவது புரிந்திருக்கும்.

மிஸ்ஸி ரொஹானா ஒரு பாரத்தை எடுத்தார்.
எல்லாக் கேள்வியும்
கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி.
"முருங்?" என்றார் மலாயில், குரலைத் தாழ்த்தி.
எனக்கு முருங்கைதான் ஞாபகம் வந்தது.
லயத்துக் கோடியில்
காற்றுக்கே ஒடிகிற மரம்.
ஏறாதே, ஏறாதே என்று விரட்டுவோம்
அடுத்த வீட்டுப் பிள்ளைகளை.
ஆமாம் என்று தலையாட்டினேன்.
கிட்டத்தட்ட தினமும், என்ற கட்டத்தில்
மிஸ்ஸி கோடு போட்டார்.

ஒன்பதாவதைக் கேட்குமுன்
எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.
இல்லை என்றேன். உண்மைதான்.
ஆனாலும் ஏணி உச்சியில் சில நாள்
வேலை முடிந்தும் நிற்கிறேன்,
எதற்கென்று தெரியாமல்,
என்பதையும் சொன்னேன்.
முதல்முறையாக, ஒரு ஆளிடம்.
மிஸ்ஸி பேனாவை மூடி வைத்துவிட்டு
நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.
அடுத்த நோயாளி இரண்டு முறை கதவைத் தட்டினார்.
செவ்வாய்க்கிழமை கட்டாயம் வரணும் என்றார்,
ஏணி வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்தார்.

இரவு ஏழரைக்கு நவநீதனின் லோரி வந்து நிற்கும்.
இன்ஜின் அணையும்.
ஆள் இறங்க அரை மணியாகும், சில நாள் முக்கால்.
போனில் இருக்கிறார் என்று
இத்தனை நாளும் கோபப்பட்டிருந்தேன்.
இன்று வெளியே போய்ப் பார்த்தேன்.
இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.
போன் சட்டைப் பையில்.

மறுபக்கம் ஏறி உட்கார்ந்தேன்.
உள்ளே பழக்குலையின் எண்ணெய் வாடை.
மிஸ்ஸி கேட்டதை ஒவ்வொன்றாகச் சொன்னேன்:
தூக்கம். பசி. எதிலும் மனசு ஒட்டாதது.
தன்னைத்தானே மட்டமாக நினைப்பது.
ஏணியையும் சொன்னேன்.
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கை இறங்கி
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது, கொஞ்சம் வலிக்கும்படி.

எதிர்வீட்டில் சோறு தாளிக்கும் சத்தம் கேட்டது,
அடங்கியது.
வெகுநேரம் கழித்து
முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்:

"எனக்கும் ஒரு பாரம் தருவாங்களா?"