நடைபாதையில் ஒரு கதகதப்பு

ஒலோமோவ்ட்ஸ் ஊரில்
ஷூவைக் கழற்றாமல்
எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது.
விருந்தாளிக்கென்று கூடை நிறையத்
துணிச்செருப்பு வைத்திருப்பார்கள்.
நானும் அதே வாசலில்தான் கழற்றுகிறேன்.
என்ன,
அவர்கள் உள்ளே வரும்போது
நான் வெளியே போகும்போது.

இந்த ஒரு வித்தியாசத்துக்குப்
பதினோரு வருஷமாகப் பதில் சொல்கிறேன்.

டிராமில் ஏறினால்
பார்வைகள் கீழே போகும்
திடுக்கிட்டு என் முகத்துக்கு ஏறும்
மறுபடி கீழே,
கிணற்றில் எதையோ தவறவிட்டவர்கள் மாதிரி.
வேண்டுதலா என்று கேட்டவள் ஒருத்திதான்,
போலந்திலிருந்து வந்திருந்த கன்னியாஸ்திரீ.
இல்லை என்றதும்
அவள் முகம்தான் வாடியது.

சுகாதாரம் என்றாள் ரொட்டிக்கடை கோவ்ராக்கோவா.
கல்லாவுக்கு அடியில் அவள் நாய்
நான்கு வெறுங்கால்களையும் நீட்டித்
தூங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பிப்ரவரியில்
போலீஸ்காரன் ஒருவன் காரை நிறுத்தி
மகனுடைய பழைய பூட்ஸைக் கொடுத்தான்.
ஐயா, நான் ஏழை இல்லை,
நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களுக்கு எண் போடுகிறவள்
என்று நாக்கு நுனி வரை வந்தது.
அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது.
வாங்கிக்கொண்டேன்.
அளவும் சரியாக இருந்து தொலைத்தது.

ஏன் என்று கேட்டால்
சொல்ல என்னிடம் கதை இல்லை.
நோயில்லை, சபதமில்லை.
ஒரு ஜூலையில் செருப்பு வார் அறுந்தது
அப்படியே வேலைக்குப் போனேன்
மறுநாள் தைக்கக் கொடுக்கவில்லை.
அவ்வளவுதான்.
இந்த அவ்வளவுதானைத்தான்
ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நவம்பரில்
எங்கள் கட்டடத்துக்கு எதிரே, நடைபாதையில்,
மூன்று கல் அகலத்துக்குத்
தரை வெதுவெதுவென்று இருந்தது.
இறக்கிவைத்து நேரமான
சட்டியின் அடியைப் போல.
எனக்கு முன்பே அதைக் கண்டுபிடித்தவை
இரண்டு பூனைகள்.
டிராம் வரும்வரை நான்கு நிமிடம்
நாங்கள் மூவரும்
பேச்சுவார்த்தை இல்லாமல் அங்கே இருப்போம்.
அந்த நான்கு நிமிடத்துக்காகச் சீக்கிரம் எழுந்த
நாட்களும் உண்டு.

கீழ்வீட்டு வெண்டெலினோ
வீட்டுக்குள்ளேயே கோட்டும் தொப்பியுமாக
இருமிக்கொண்டிருந்தார்.
படியில் ஈரக்கால் தடம் பதிகிறது
என்று என்னைப் பற்றி
நோட்டீஸ் எழுதி ஒட்டியவர் அவர்தான்.
அவருடைய ரேடியேட்டர் பிணமாய்ச் சில்லிட்டிருந்தது.
நான் நிற்கும் கல்லுக்கும் அந்தச் சில்லிப்புக்கும்
நடுவில் ஒரு குழாய் ஒழுகுகிறது
என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.
சொல்லலாமா என்று யோசிக்க
இன்னொரு வாரம்.

வெப்ப வாரியத்துக்குப் போன் செய்தேன்.
"எந்தக் கருவியால் அளந்தீர்கள்?"
"காலால்."
மறுமுனையில் பேனா நிற்கிற சத்தம்.
"புரியவில்லை, எதால்?"
"காலால், அம்மா. இடது காலால்தான் முதலில்."
வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து
லாரியில் ஏதோ பெட்டி வந்தது,
அதன் முள் துடித்தது,
தோண்டினார்கள்.
துருப்பிடித்த துளையிலிருந்து
ஆவி எழும்பித் தெருவிளக்கை மூடியது.

வெண்டெலின் இப்போது
கையில்லாத பனியனோடு வாசலில் நிற்கிறார்.
கன்னத்தில் ரத்தம் ஓடுகிறது.
என் கால்களைப் பார்த்துத்
தலையில் அடித்துக்கொள்ளவும்
தெம்பு வந்திருக்கிறது.

நடைபாதையில் புதுத் தார்,
மற்ற இடத்தைப் போலவே சில்லென்று.
பூனைகள் வந்தன.
உட்கார்ந்து பார்த்தன, எழுந்தன,
பாதங்களை ஒவ்வொன்றாய் உதறிவிட்டு
என்னையே பார்த்தன.

காட்டிக்கொடுத்தவள் நான் என்று
எப்படித் தெரிந்ததோ.

டிராம் வர இன்னும்
நான்கு நிமிடம் இருந்தது.