கழிவுக் கணக்கு

கோத்தகிரி அரசு மருத்துவமனைப் பதிவேட்டின்படி
நான் வீட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்தேன்.
அப்படி எழுதச் சொன்னவர்
என்னை ஜீப்பில் கிடத்திக் கொண்டுவந்த சூப்பர்வைசர் பெலிக்ஸ்.
எனக்கு அப்போது நினைவில்லை.
எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து ஆறு வருஷம்.

மூன்றாம் நாள் வந்தார்.
ஒரு சீப்பு மலைவாழைப்பழம், ஹார்லிக்ஸ் பாட்டில்,
கவரில் பதினைந்தாயிரம்,
அப்புறம் ஒன்றுமே எழுதாத ஒரு தாள்.
ரெவின்யூ ஸ்டாம்பு மட்டும் ஒட்டியிருந்தது.
"வலது கையிலதானே கட்டு,
இடது பெருவிரல் போதும்மா" என்று
மை டப்பாவைத் திறந்து பிடித்தார்.
நான் எட்டாவது வரை படித்தவள்.
வெற்றுத் தாளில் எழுத்து பின்னால் முளைக்கும்.
பழத்தை வாங்கிக்கொண்டேன், பசி.
தாளையும் கவரையும் திருப்பிக் கொடுத்தேன்.

"லைன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னா
எந்தப் பாறையில போய் ஒண்டுறது?"
வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க இதையே கேட்டார்.
விடிந்ததும் பஸ்ஸுக்குக் காசு கொடுத்தவரும் அவர்தான்.

கட்டபெட்டு தாண்டும்வரை வாந்தி.
குன்னூரில் இலவசச் சட்ட உதவி,
வக்கீல் பேர் சௌந்தர்யா நஞ்சன்,
கம்பளிக் குல்லாவைக் கழற்றாமலே எழுதினார்.
எனக்கு ஃபீஸ் கிடையாதாம்.
இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டுமாம்.
"உன் அஜாக்கிரதைன்னு சொல்வாங்க, சொல்லட்டும்.
அந்த ஒரு வார்த்தையால உரிமை போயிடாது.
ஆனா ரோலர் மூடியை நீயா கழட்டினே?"
இல்லை. பொங்கலிலிருந்து அது ஆணியில் தொங்குகிறது.
"பார்த்தவங்க?"
புஷ்பகாந்தி பார்த்தாள்.
அவளுக்கும் லைன் வீடு, இரண்டு பிள்ளை.
அவளைக் கூப்பிடமாட்டேன் என்றேன்.

பேனாவை மூடியவர்
மறுபடி திறந்தார்:
"அன்னைக்கு ரோலர்ல இருந்த தூளு என்னாச்சு?"

நான் அதை யோசித்ததே இல்லை.
ஓடைப்பக்கம் கொட்டினார்கள் என்று
புஷ்பகாந்தி ஒரு தரம் சொன்னாள்,
குரங்குகூடக் கிட்டே வரவில்லையாம்.
"கொட்டினா எழுதியிருப்பாங்க.
எடை குறைஞ்சா முதலாளி விடுவாரா?"

மூன்று மாதம் கழித்து
தொழிலாளர் அலுவலக மேசைக்கு
அரவேனு ஃபாக்டரியின் பேரேடு வந்தது.
பதினாறாம் தேதி. மாலை ஷிப்ட். மூன்றாம் ரோலர்.
நாற்பத்திரண்டு கிலோ, கழிவு.
காரணம்: மாசு.

பதினோரு வருஷம் வேலை செய்த இடத்தில்
என்னைப் பற்றி எழுதப்பட்ட ஒரே உண்மை.
அதிகாரி அதை உரக்கப் படித்தார்.
விறகுக் கதையை எடுத்து வந்த அவர்கள் வக்கீல்
கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்து கணக்குப் போட்டோம்.
ஆள்காட்டி விரல் மட்டும் போனால் நூற்றுக்குப் பதினாலு.
நடுவிரல் மட்டும் என்றால் பன்னிரண்டு.
ஒரே கையில் இரண்டும் போனால்
அட்டவணையில் இருபதுதான்.
"மீதி ஆறு எங்க மேடம்?"
அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்,
அப்புறம், "டீ சொல்லட்டுமா?" என்றார்.

இடது கையால் வாங்கிக் குடித்தேன்.
நல்ல தூள்.
அடுத்த வாய்தா இருபத்தேழாம் தேதி.