வேற கம்பனி

நீதிமன்றத்தில் தட்டச்சு எனக்கு வேலை.
"எனது சுயவிருப்பின் பேரில்,
எவருடைய தூண்டுதலும் இன்றி"
ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை அடிப்பேன்.
காணி எழுதுகிறவருக்கும் பிணை நிற்கிறவருக்கும்
மணம் முறிக்கிறவர்களுக்கும் அதே வரி.
விரல் தானாய்ப் போகும்.

பதினாறு மாதமாய் வலிப்பு இல்லை.
காலை ஒன்று, இரவு ஒன்று, வெள்ளைக் குளிசை.
நடுவில் நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு.
இருட்டில் விழுங்கினாலும் நாக்கு அதைத் தடவிப் பார்க்கும்.

செப்டெம்பரில் ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில்
உறைக்குள் மஞ்சள் விழுந்தது.
கேட்டேன்.
"அதே மருந்துதான் அக்கா, வேற கம்பனி."
மிச்சக் காசுக்கு ஒரு டொபி தந்தான்.
பின்னால் ஆட்கள். வாசலில் ஓட்டோ ஹோண் அடித்தது.
வந்துவிட்டேன்.

பதினோராம் நாள்
கிண்ணியாக்காரர் ஒருவரின் சத்தியக்கடதாசி நடுவே
ஒரு விரல் போனது, திரும்பவில்லை.
ககககககககககக
மூன்று வரி.
பிறகு நிலம்.
கைக்குள் யாரோ திணித்த சாவிக்கொத்து.
நனைந்த சேலைமேல்
ஒரு சட்டத்தரணியின் கறுப்புக் கோட்டு.

மஞ்சளாலா? தெரியாது.
முதல்நாள் மகளுக்குக் காய்ச்சல், நித்திரையும் இல்லை.
கிளினிக் டொக்டர்
"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார்.
நான் அதை வழக்காடவில்லை.
விழுவது என் உடம்பு.
என்னைக் கேட்டிருக்கலாம்.

இப்போது அந்தக் கடையில் சிஹானா.
வெள்ளைப் பெட்டி, மஞ்சள் பெட்டி
இரண்டையும் மேசையில் வைத்தாள். வெள்ளை வெறும் பெட்டி.
"உங்கட கம்பனி இந்த மாசம் வரல்ல அக்கா.
மாத்தித் தரட்டா? வேணாமெண்டா
மட்டக்களப்பில இருக்கா எண்டு விசாரிக்கிறன்.
டொக்டருக்கும் கோல் எடுக்கலாம்."

கைப்பையில் நாலு குளிசை மிச்சம்.
நாலை வைத்துக்கொண்டு சொல்லும் 'ஓம்'
எந்த விருப்பின் பேரில்?
இத்தனை வருடம் அடித்த வரியை
முதல்முறை வாசித்தேன்.

கோடு போட்ட கொப்பியை என் பக்கம் திருப்பினாள்.
பழைய முதலாளியின் கையெழுத்தில் தலைப்பு:
"மருந்து மாற்றுவதில் எனக்குச் சம்மந்தம்."
எழுத்துப் பிழை பிடிப்பது என் பிழைப்பு.
பேனையை எடுத்தேன்,
திருத்தவில்லை.
ஓம், எனக்குத்தான் சம்மந்தம்.

"முதல்ல டொக்டருக்கு எடுங்க" என்றேன்.
மணி போய்க்கொண்டே இருந்தது.
வெளியே குப்பைத் தொட்டியடியில்
ஊர்மான் ஒன்று
மருந்துப் பெட்டியின் அட்டையைச் சப்பிக்கொண்டு நின்றது,
எந்தக் கம்பனி என்று பாராமல்.